அமைதியான இடத்து மாடு

என் மாமனாருக்கு மெதுவாகப் பேச வராது. அது அவர் குற்றமில்லை. முப்பத்துநாலு வருஷம் மாவு மில்லில் நின்றவர். கல்யாணமான புதிதில் ஒருமுறை அந்த மில்லுக்குப் போயிருக்கிறேன். நீளமான ஒரே கூடம். சுவரை ஒட்டி நான்கு அரவை மெஷின்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தடதடவென்று ஓடும் பெல்ட். உள்ளே காலை வைத்ததும் எனக்குப் பல்லெல்லாம் அதிர்ந்தது. புருவம், இமை, காதுமடல் எல்லாம் மாவாக மாமா வந்து, "என்னம்மா, சாப்டியா?" என்று கேட்டார். அவ்வளவு இரைச்சலையும் மீறி, வாசலில் டப்பாவோடு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பி நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று பார்த்தார்கள்.

அந்தக் குரலை அவர் மில்லிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் பிரச்சினை இல்லை. வீட்டுக்கும் அதைத்தான் கொண்டு வந்தார். உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். ரகசியம் என்ற ஒன்று எங்கள் வீட்டில் தங்கியதே கிடையாது. நான் உண்டாகியிருக்கிற சேதியை என் அம்மாவுக்கு மாமாதான் ஃபோனில் சொன்னார். அடுத்த கால் மணி நேரத்தில் எதிர்வீட்டு அக்கா, பக்கத்துக் கடைக்காரர், குப்பை வண்டிக்காரர் என்று வரிசையாக வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். "அப்பாவுக்கு எதுக்கு ஃபோனு? மாடில ஏறி நின்னு சொன்னாலே சம்பந்தி வீட்டுக்குக் கேட்டுருக்கும்" என்றார் என் கணவர்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வாழ வந்த நான் யார் என்றால், நூலகத்தில் வேலை பார்ப்பவள். என் தலைக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்கும். பதினோரு வருஷமாக அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது குரலை உயர்த்தினால் நான் வாயைத் திறப்பதில்லை. பென்சிலால் மேஜையில் இரண்டு தட்டு. எப்பேர்ப்பட்ட ஆளும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவார். அந்தப் பென்சிலை வேலை முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. இந்தக் கதையில் என் தப்பு அதுதான்.

மாமா வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். வயது அறுபதாகி அவர் வீட்டோடு தங்கியதும் என் மகள் பிறந்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. பிள்ளையைத் தூங்கவைக்க நான் ஒரு மணி நேரம் படாதபாடு பட்டிருப்பேன். மாமா வாசலில் நின்று, "பால்காரர் வரலையா?" என்று ஒரு கேள்வி கேட்பார். முடிந்தது கதை. தொட்டிலில் கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

நான் பென்சிலை எடுத்தேன். இரண்டு தட்டு. "மாமா, பாப்பா தூங்குது." அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இத்தனை வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்ல ஒரு துணை கிடைத்தது. "கத்தாதீங்க" என்று அவரும் சேர்ந்துகொண்டார். என் கணவர் வீட்டுக்குள் நுழையும்போதே, "அப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டுதான் நுழைவார். மூன்று பேர் மூன்று பக்கம். ஆறே மாதத்தில் மாமா அடங்கிவிட்டார். குரலைக் குறைக்க அவருக்குத் தெரியாது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வேண்டியதைக் கையால் காட்டுவார், இல்லாவிட்டால் தானே போய் எடுத்துக்கொள்வார். வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்று நான் என் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மாடு வாங்க வேண்டும் என்றார்.

அது புது ஆசை இல்லையாம். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம். காலை நேரத்தில் மில்லை விட்டு வர முடியாது என்பதால் தள்ளிப்போய்க்கொண்டே வந்திருக்கிறது. "பாப்பாவுக்கு நம்ம வீட்டுப் பாலா இருக்கட்டுமே" என்றார். அத்தை மாடுகளோடு வளர்ந்தவர். கறக்க, கழுவ, தீனி வைக்க எல்லாம் தெரிந்தவர். அதனாலேயே வேண்டாம் என்றார். வாங்குவது அவர், முதுகு ஒடிவது தனக்கு என்று கணக்காகச் சொன்னார். என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். எந்த நேரம் எந்தக் கம்பத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவரும் பிடி கொடுக்கவில்லை.

மாமா வாதாடவே இல்லை. மறுநாள் காலை பின்கட்டில் பழைய சாமான்கள் கிடந்த கொட்டகைக்குள் போனார். உடைந்த நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டார். கூரைக்குப் புதுத் தகரம் மாற்றினார். தரையில் கல் பாவி, தண்ணீர் வழிந்தோட வாட்டம் பார்த்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார். தீனித்தொட்டி கட்டினார். அதன் விளிம்பு மாட்டின் கழுத்தில் உராயக் கூடாது என்று இரண்டு நாள் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்தார். பதினைந்து நாள் ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருக்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வது? அத்தைதான் முதலில் இறங்கி வந்தார். வாங்குவதாக இருந்தால் கன்றோடு வாங்குங்கள், கறந்து காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள் என்றார்.

பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒருவரிடம் மாடு இருப்பதாகக் கேள்விப்பட்டு மாமா தனியாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் சமையலறை மூலைக்கு எங்களை வரச்சொல்லி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். இரண்டாம் ஈத்து, பெண் கன்று. அவர் கண் முன்னாலேயே வாளி நிறையக் கறந்து காட்டினார்களாம். மாடு காலைக்கூட மாற்றி வைக்கவில்லையாம். பத்து நாள் வைத்துப் பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால் ஓட்டிக்கொண்டு வாருங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று விற்பவரே சொல்லிவிட்டாராம்.

"ரொம்ப அமைதியான இடம்மா. மாடும் அப்படித்தான்" என்றார்.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டைப் பத்து நாள் ஆட்டிப் படைத்தது இதுதான்.

மாடு சின்ன லாரியில் வந்து இறங்கியது. கோதுமை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு மாதிரி ஒரு சுழி. கன்று தன் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்தது. மாமா பலகையைச் சாய்த்து வைத்து, கயிற்றைப் பிடித்து, இழுக்காமல் காத்திருந்தார். மாடு தானாகவே யோசித்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. என் இடுப்பிலிருந்த பாப்பா கையைத் தட்டித் தட்டிக் குதித்ததில் என் இடுப்பு விட்டுப்போனது. பெயர் என்ன வைப்பது என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். மாமா கொஞ்சமும் யோசிக்காமல் கோதுமை என்றார். வாழ்நாள் முழுவதும் அரைத்ததையே பெயராக வைத்துவிட்டாரே என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சிரித்தார்.

அன்று மாலை அத்தை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாளியோடு உட்கார்ந்தார். கன்றை விட்டார், மடி சுரந்தது. கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் காம்பில் கை வைத்தார். நாலு பீச்சு. அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுபடி கன்றை விட்டால் சுரக்கிறது, அத்தை கை வைத்தால் பாலை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் வாளியில் இருந்தது ஒரு டம்ளர் பால். புது இடம், நாளைக்குச் சரியாகிவிடும் என்றோம்.

சரியாகவில்லை. இரண்டாம் நாளும் ஒரு டம்ளர், மூன்றாம் நாள் அதுவும் இல்லை. மாட்டு டாக்டர் வந்து காய்ச்சல் பார்த்து, மடியை அழுத்திப் பார்த்து, மாட்டுக்கு ஒன்றுமே இல்லை என்றார். பழகிய இடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழகிய இடம் எப்படி? ரொம்ப அமைதியான இடம். போதாதா?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இரும்பு கேட்டின் தாழ்ப்பாளுக்குப் பழைய துண்டைச் சுற்றினோம். குக்கர் விசில் கூடாது என்று சோற்றை வடித்தோம். என் கணவர் தெருமுனையிலேயே பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அக்காவிடம் போய் ரேடியோவைக் குறைக்கச் சொல்லி நானே கேட்டேன். நூலகத்தையே வீட்டுக்குப் பெயர்த்து வைத்தது போல எனக்கு ஒரு நிறைவு என்றுகூடச் சொல்லலாம். எங்களில் மிகவும் கறாராக இருந்தவர் மாமாதான். செருப்பு சரசரக்கும் என்று வெறுங்காலோடு நடந்தார். கறக்கும் நேரத்தில் கொட்டகை வாசலில் நின்று வாயில் விரலை வைத்துக்கொண்டு காக்கையைக்கூட விரட்டினார். தும்மல் வந்தால் தெருக்கோடிக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்.

கோதுமை எங்களுக்குத் தண்ணி காட்டியது. வேளாவேளைக்குத் தின்றது, நன்றாக அசைபோட்டது, கன்று கொழுகொழுவென்று ஆனது. வாளி மட்டும் காய்ந்தது. எட்டாம் நாள் அத்தை வாளியைக் கவிழ்த்து வைத்தார். மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பாவம் அதுவும் தவிக்கிறது என்றார். என் கணவரும் அதுதான் சரி என்றார். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க மாமா?" என்றேன்.

"சரிம்மா, அனுப்பிடலாம்" என்றார் திரும்பவும். அப்போதும் பாதிதான் கேட்டது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பேசி எனக்குக் கேட்காமல் போனது அன்றுதான். மாடு போனால் இந்த மனிதர் இனிமேல் எதையும் ஆசைப்பட்டுக் கேட்க மாட்டார் என்று எனக்குப் பட்டது.

விற்றவருக்கு ஃபோன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுநாள் எனக்கு வார விடுமுறை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு, நாளைக்கு மாட்டைக் கொண்டு வருகிறோம் என்று பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டுத் தெருவுக்குள் திரும்பியதுமே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. டம் டம் டமார் என்று எங்கோ வீட்டை இடிப்பது போலச் சத்தம். நடக்க நடக்கச் சத்தம் பெரிதாகியது. மாமா எழுதிக் கொடுத்த கதவு எண்ணுக்கு முன்னால் போய் நின்றபோது சத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தகரப் பட்டறை. பெட்டி, வாளி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்கிற இடம். நாலு பேர் உட்கார்ந்து சுத்தியலால் தகரத்தை அடிக்கிறார்கள். அடித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கதை பேசுகிறார்கள். அந்தச் சத்தத்தில் பேச வேண்டும் என்றால் எப்படிப் பேச வேண்டியிருக்கும்? அச்சு அசலாக என் மாமனார் மாதிரியே பேசினார்கள். பட்டறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டி.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஃபோன் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அது அடித்தால் அவருக்கு எப்படிக் கேட்கும்? வந்த விஷயத்தை நான் தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"நல்லாத்தானே கறக்கும்? காலைல நாங்க தட்ட ஆரம்பிச்சா அது பால விட ஆரம்பிச்சுரும். நாங்க லீவு விட்டாதான் கொஞ்சம் அடம் பிடிக்கும். அப்பக்கூடப் பக்கத்துல நின்னு யாராவது சத்தமா பேசிட்டிருந்தா போதும்" என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "அய்யா இங்கயே அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுத்தானேம்மா போனாரு? சத்தத்தப் பத்தி அவரு ஒண்ணுமே கேக்கலையே" என்றார்.

கேட்டிருக்க மாட்டார். முப்பத்துநாலு வருஷம் மில்லில் நின்றவருக்கு நாலு சுத்தியல் ஒரு சத்தமா? அவர் கணக்கில் அது அமைதியான இடம்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இடம் அவருக்கு ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று யோசித்தேன். அரை மணி நேரம் அவர் வாய்விட்டுப் பேசியிருப்பார். யாரும் பென்சிலால் தட்டியிருக்க மாட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாலைக் கறவை நேரம். என் கணவரும் வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். உடனே அவர் ஒரு தகர மூடியை எடுத்து வந்து கரண்டியால் அடித்தார். கோதுமை மிரண்டு கயிற்றை இழுத்தது, வாளி உருண்டது, அத்தை மகனைத் திட்டினார். லைன்மேனுக்குக் கம்பத்தில் ஏறத் தெரியும், தகரம் தட்டத் தெரியவில்லை. நான் மாமாவிடம் போனேன். அவர் கொட்டகை வாசலில் வழக்கம்போல வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மாமா, நீங்க பேசுங்க. சத்தமா."

அவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். "பாப்பா தூங்குதேம்மா."

"எழுந்தா எழுந்துக்கட்டும் மாமா."

என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமினார். "கோதுமை" என்றார் சன்னமாக. மாட்டின் காது ஒன்று திரும்பியது. "கோதுமை" என்றார் மறுபடியும், கொஞ்சம் கூட்டி. இரண்டு காதும் திரும்பின. அப்புறம் அந்தப் பெயரே அவரைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது என்று நினைக்கிறேன்.

"யாருப்பா அடுத்தது? கோதுமையா, அரிசியா? நைசா வேணுமா, கொரகொரப்பா இருந்தா போதுமா? மூடியத் தொலைச்சுட்டு வந்து என்னைக் கேக்காத! யோவ், மிளகா டப்பாவ எவன்யா இங்க வச்சது?"

கூரைத் தகரம் அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கோதுமை ஒரு பெருமூச்சு விட்டு, பின்னங்கால்களை அகட்டி நின்றது. வாளியின் அடியில் முதலில் கிண்கிண் என்று விழுந்த பால், பிறகு சரசரவென்று, அப்புறம் நுரைக்குள் இறங்கும் அந்தக் கனமான சத்தமாக மாறியது. மாமா வாளியைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார். பாலும் மெலிந்தது.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நிறுத்தாதீங்க" என்றார். "பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அத்தை அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று மாமா பிற்பாடு தெருவுக்கே கேட்கும்படி என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஆனால் அந்த நிமிஷம் கொட்டகையில் அவர் என்னைத்தான் பார்த்தார். "சத்தம் ஜாஸ்தியா இருக்காம்மா?" என்று கேட்டார். நான் அவருக்கு இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் காது இரண்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

"எனக்குக் கேக்கவே இல்லையே மாமா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வாளி நிறைந்தது. உள்ளே பாப்பா எழுந்துவிட்டது. அழவில்லை. யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தொட்டிலுக்குள்ளிருந்து அதுவும் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் தினமும் காலையில் எங்கள் தெரு மாமாவின் குரலில்தான் எழுந்திருக்கிறது. மில் கதைகள் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டதால் இப்போது கோதுமையிடம் வீட்டுச் சமாச்சாரங்களைச் சொல்கிறார். எனக்கும் என் கணவருக்கும் நடந்த சண்டை, அத்தையின் முழங்கால் வலி எல்லாம் ஊருக்கே தெரியும். எதிர்வீட்டு அக்கா ரேடியோ வைப்பதையே விட்டுவிட்டார், இதுவே நன்றாக இருக்கிறதாம். என் பென்சிலை மாமாவிடமே கொடுத்துவிட்டேன். மில்லில் டப்பாக்களுக்குக் குறி போட்ட பழக்கத்தில் அதைக் காதில் செருகிக்கொண்டுதான் திரிகிறார்.

போன வாரம் மாமாவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அத்தை வாளியோடு உட்கார்ந்துவிட்டார், கோதுமை காத்திருக்கிறது. என் கணவர் ஏதோ கம்பத்தில் இருந்தார். வேறு வழியில்லாமல் நான் போய் நின்றேன். தகரப் பட்டறையில் கத்திய அந்த ஒரு நாள் தவிர, பதினோரு வருஷமாக உரக்கப் பேசாத வாய். என்ன சொல்லிக் கத்துவது என்று ஒன்றுமே வரவில்லை. கடைசியில், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன்.

"அமைதி காக்கவும்!" என்று கத்தினேன்.

கோதுமை திரும்பிப் பார்த்துவிட்டுத் தீனியில் வாயை வைத்தது. பால் வரவில்லை. பின்கட்டு ஜன்னலில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாமா நின்றுகொண்டிருந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, என்னைப் பார்த்தபடி ஜன்னல் கட்டையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு கையை மேலே, மேலே என்று உயர்த்திக் காட்டினார்.